ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் வீட்டு மோட்டாரும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி)

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. பள்ளிக்கூடத்தில் இதனை விரித்தெழுதச் சொன்னபோது ஒன்றரைப் பக்கம் எழுதிப் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கினேன். அந்தச் சுரைக்காய் நானேதான் என்பது சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு எனக்குத் தெரிந்தது. அந்த இரவைப் பற்றியும், அது என்னுள் எழுப்பிய கேள்வியைப் பற்றியும் நம் ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன்.

தென்காசிக்காரர்களாகிய நமக்குத் தண்ணீர்க் கவலையே இராது என்று வெளியூர் உறவினர்கள் நினைக்கிறார்கள். சாரல் தொடங்கிவிட்டால் போதும், "உங்களுக்கென்ன, அருவிக்கரையில் இருக்கிறீர்கள்!" என்று தொலைபேசியில் சொல்வார்கள். பேரருவி பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி, பிறகு கீழே வழிவது உண்மைதான். ஐந்தருவி ஐந்து கிளையாகக் கொட்டுவதும் உண்மைதான். ஆனால் அதே குற்றாலத்தில், அருவிக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிற விடுதியின் மாடியறைக் குழாயில் தண்ணீர் வரவேண்டுமானால், யாராவது ஒருவர் விடியுமுன் எழுந்து மோட்டார் போட வேண்டும். அப்படி மோட்டார் போடுகிறவர்களில் ஒருவர் என் தந்தை. விடுதியொன்றில் காவலாளியாக இருக்கிறார். சீசன் மாதங்களில் அவர் வீட்டுக்கு வருவது வாரத்துக்கு ஒரு நாள்தான்.

அருவி தானாக விழும். ஆனால் விழுந்த தண்ணீர் தானாக ஏறுவதில்லை. பக்கத்து மாவட்டத்துப் பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டு முதல் தாமிரபரணித் தண்ணீரை இறங்கவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அப்படி எடுத்த மின்சாரத்தைக் கொண்டு நாம் வீடுதோறும் தண்ணீரை மேலே ஏற்றுகிறோம். வகுப்பில் இதற்கு ஆற்றல் மாற்றம் என்று பெயர். வீட்டில் இதற்கு "மோட்டார் போடுதல்" என்று பெயர்.

எங்கள் வீட்டிலும் ஒரு மோட்டார் உண்டு. குழாயில் தண்ணீர் முறை வைத்து வருவதாலும், வரும்போதும் மெல்லிய நூலாகவே வருவதாலும், மகளிர் குழுவில் கடன் வாங்கி அம்மா முற்றத்தில் ஒரு தரைத்தொட்டி கட்டினார்கள். 'சம்பு' என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். அதன் பக்கத்தில் அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் ஒன்று. மொட்டை மாடியில் ஐந்நூறு லிட்டர் தொட்டி. அம்மா பீடி சுற்றுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தம்பி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான்.

அன்று இரவு எட்டு மணி இருக்கும். அம்மா சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் "உம்ம்ம்" என்று முனகியது, ஓடவில்லை. அம்மா சட்டென்று அணைத்தார்கள். மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே முனகல். அணைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ கரண்டு பாடந்தான படிக்கே? என்னன்னு பாரேன்" என்றார்கள்.

நான் பார்த்தேன். பார்த்தேனே தவிர, எதைப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. மாறுதிசை மின்சுற்றுகள் பற்றிய பகுதியில் அகமதிப்பீட்டுத் தேர்வில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள் நான். மின்தேக்கியில் மின்னோட்டம் மின்னழுத்தத்தை 90 பாகை முந்தும் என்று படம் வரைந்து நிறுவியிருக்கிறேன். கேரி ஃபாஸ்டர் பாலத்தில் சமநிலைப் புள்ளி கண்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் எங்கள் முற்றத்தில் முனகிக்கொண்டிருந்த அந்த இரும்புக் கட்டிக்கு முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "காயில் போயிருக்கும். திரும்பக் கட்டணும்னா ரெண்டாயிரம் ஆகும். பேசாம புதுசா வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாயிரம் என்பது அம்மாவின் ஒரு வாரப் பீடிக் கூலியைக் காட்டிலும் அதிகம். அம்மா ஒன்றும் பேசவில்லை. சம்பு மூடியைத் தள்ளி, தரையில் குப்புறப் படுத்து, கயிறு கட்டிய வாளியை உள்ளே விட்டு இறைக்கத் தொடங்கினார்கள். நாள் முழுதும் முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே இருந்த முதுகு அது. இருபது வாளி இறைத்தார்கள். வாளிக்குப் பதினைந்து லிட்டர் என்றால் முந்நூறு கிலோ. நான் சுமந்து உள்ளே ஊற்றினேன். தண்ணீரைச் சுமந்ததைவிட, அம்மா என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாததே எனக்குக் கனத்தது.

மறுநாள் கல்லூரி முடிந்ததும் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் அண்ணாச்சியிடம் போனேன். சிறிய கடை. வாசல் முழுக்கக் குற்றாலம் விடுதிகளிலிருந்து வந்த மோட்டார்கள். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில், அவர் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வில் தேறிய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. அவர் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது என்று பிறகு சொன்னார்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்ட கேள்விகள் மூன்று. "சத்தம் வருதா?" "வருது அண்ணாச்சி." "கருகுன வாடை அடிச்சுதா?" "இல்லை அண்ணாச்சி." "பின்னாடி விசிறியக் கையால சுத்துனா சுத்துதா?" அதை நான் பார்க்கவில்லை. "போய்ப் பாரு தாயி. சுவிட்ச மட்டும் அணைச்சா பத்தாது; மெயினையும் அணைச்சி, பிளக்கையும் உருவிட்டுத்தான் கை வைக்கணும். விசிறி லேசா சுத்துச்சின்னா இம்பெல்லர் இறுகல. அப்ப கண்டென்சராத்தான் இருக்கும். மேல சின்னப் பெட்டியில கறுப்பா உருளையா ஒண்ணு இருக்கும். ஒயர் முனையில கை படாம கழட்டிக் கொண்டா. கரண்டு இல்லைன்னாலும் அதுக்குள்ள கொஞ்சம் நிக்கும்."

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே செய்தேன். விசிறி சுற்றியது. பெட்டியைத் திறந்தேன். கறுப்பு உருளை இருந்தது. அதன் மேல் "10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்" என்று எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் 'மின்தேக்கி' என்று படித்தேன். கல்லூரியில் 'கபாசிட்டர்' என்று படிக்கிறேன். அண்ணாச்சி 'கண்டென்சர்' என்கிறார். மூன்றும் ஒன்றே! இரண்டு பெயர்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நான் பொருளை அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடித்தேன்.

அண்ணாச்சி அதனைச் சோதித்துப் பார்த்துவிட்டு, போய்விட்டது என்றார். புதியது நூறு ரூபாய்க்குள் முடிந்தது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வந்த ஆயிரம் ரூபாயிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கல்விக்கு வந்த பணத்தைக் கல்விக்கே செலவழித்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்போது எனக்கு ஒரு சிறிய கர்வம் தலைதூக்கியது. அண்ணாச்சிக்கு நான் படித்ததை விளக்கினேன். வீட்டுக்கு வரும் ஒருகட்ட மின்சாரம் தனியொரு சுருளில் உண்டாக்கும் காந்தப்புலம் முன்னும் பின்னும் ஆடுமே தவிரச் சுழலாது. ஆகவே இரண்டாவது சுருள் ஒன்றை வைத்து, அதில் ஓடும் மின்னோட்டத்தை மின்தேக்கியினால் கட்டம் பிறழச் செய்தால் இரண்டு புலமும் சேர்ந்து சுழலும் புலமாகும். மாறுதிசை மின்சாரத்தில் இப்படிச் சுழலும் புலத்தைக் கொண்டு ஓடும் மோட்டாருக்கு நிக்கோலா டெஸ்லா 1888-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ சொல்லுறது முழுசா புரியல தாயி. ஆனா ஒண்ணு. கண்டென்சர் இல்லைன்னா எந்தப் பக்கம் சுத்தணும்னு மோட்டாருக்குத் தெரியாது. தெரியாம நின்னு முனகும். ரொம்ப நேரம் முனக விட்டா சூடாகிக் காயில் கருகிரும். உங்க அம்ம உடனே அணைச்சதாலதான் காயில் தப்பிச்சுது" என்றார்.

நான் ஐந்து நிமிடம் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அது பாடப்புத்தகத்துக்கு முரணாகவும் இல்லை. முரண்டுபிடிக்கும் மோட்டாரை உடனே அணைக்க வேண்டும் என்று என் தாய்க்குத் தெரிந்திருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புதிய மின்தேக்கியைப் பூட்டினேன். மோட்டார் ஓடியது! ஆனால் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு நாள் ஓடாமல் கிடந்ததில் உறிஞ்சு குழாயில் இருந்த தண்ணீர் கீழே இறங்கிக் காற்று புகுந்துவிட்டது. மீண்டும் அண்ணாச்சியிடம் ஓடினேன். "தண்ணி ஊத்திப் பாரு. ஊத்த ஊத்த இறங்குச்சின்னா ஃபுட் வால்வு ஒழுகுது. குழாயை மேல இழுத்துச் சுத்தம் பண்ணணும். சம்புக்குள்ள மட்டும் இறங்காத" என்றார். யூனியனைக் கழற்றி, தம்பியும் நானுமாகக் குழாயை மேலே இழுத்தோம். வால்வின் வாயில் ஒரு சிமெண்டுச் சில்லு சிக்கி, அது முழுவதும் மூடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. நகக்கண் அளவுதான் இருக்கும். எடுத்துப் போட்டு, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, மறுபடி பூட்டி, பம்பின் தலையில் உள்ள மூடியைத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டோம். சற்று நேரத்தில் மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பேரருவியின் ஓசையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு அது ஈடாகாது என்று அப்போது தோன்றியது.

இதுவும் நான் படித்த பாடம்தான். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. பம்பு குழாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே உள்ள வளிமண்டலம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. இத்தாலியில் கலிலியோ காலத்தில் பம்பு செய்தவர்கள், ஏறத்தாழப் பத்து மீட்டருக்கு மேல் தண்ணீர் உறிஞ்சு குழாயில் ஏற மறுப்பதைக் கண்டு குழம்பினார்கள். கலிலியோவின் சீடர் டாரிசெல்லி அந்தக் குழப்பத்தைப் பற்றிக்கொண்டு சென்று 1640-களில் பாதரசக் குழாயை நிறுத்தி, காற்றுக்கு எடை உண்டென்று காட்டினார். நாம் ஆய்வகத்தில் காணும் பாரமானிக்கு மூலம் ஒரு பம்புக்காரரின் தொல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அறிவியல் பல நேரங்களில் பட்டறையில் தொடங்கித்தான் புத்தகத்துக்கு வந்திருக்கிறது. நாமோ புத்தகத்திலிருந்து பட்டறைக்குப் போக வெட்கப்படுகிறோம்.

வெட்கம் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். அன்று தண்ணீர் ஏறியதும் அம்மா மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் கையைப் பார்த்தார்கள். கிரீசும் துருவும் அப்பியிருந்தது. "இந்தக் கையி கறுக்கக் கூடாதுன்னுதானட்டி நான் ராப்பகலா பீடி சுத்துனேன்" என்றார்கள். அம்மாவின் விரல் நுனிகளில் புகையிலைக் கறை ஒருநாளும் போவதில்லை. என்னால் அன்று அவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையே அந்தப் பதில்.

அம்மா நினைப்பதில் தவறில்லை. நம்மில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பெற்றோர் வெயிலிலும் சேற்றிலும் உழைத்து, "நீயாவது நிழலில் உட்கார்ந்து வேலை பார்" என்று அனுப்பியிருக்கிறார்கள். உழைக்கிறவனுக்கு மரியாதையும் கூலியும் இல்லாத நாட்டில், உழைப்பிலிருந்து தப்புவதையே முன்னேற்றம் என்று ஒரு தாய் கருதினால் அவளைக் குறை சொல்ல யாருக்கு உரிமை உண்டு? ஆனால் நாமும் அப்படியே கருதத் தொடங்கினால் என்ன ஆகும்? கையால் செய்கிறவனுக்குக் காரணம் தெரியாது. காரணம் தெரிந்தவனுக்குக் கையால் செய்யத் தெரியாது. அண்ணாச்சி பாதி, நான் பாதி. இரண்டு பாதியும் ஒரே ஊரில், ஒரு தெருத் தள்ளி இருந்தும், அந்தக் கறுப்பு உருளை பழுதாகும் வரை நாங்கள் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

எங்கள் மோட்டாரின் தகட்டில் கோயம்புத்தூர் என்று பொறித்திருக்கிறது. அந்த ஊர் மோட்டாருக்குப் பெயர் பெற்ற வரலாற்றில் ஜி. டி. நாயுடுவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1893-இல் பிறந்த அவர் பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டவர். மோட்டார் சைக்கிள் ஒன்றின் மேல் ஆசைப்பட்டு, அதற்குப் பணம் சேர்க்க உணவு விடுதியில் வேலை பார்த்தவர்; வாங்கிய பின் அதனைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியே பொறியியல் கற்றவர். 1937-இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அதே நாயுடு கல்வி வேண்டாம் என்று சொல்லவில்லை. 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி எழக் காரணமாக இருந்தார். அதுவே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மின்மோட்டாருக்கு அடிப்படையிட்ட மைக்கேல் ஃபாரடே யார்? கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்ட கை, அதற்கு முன் பசையும் ஊசியும் பிடித்த கை. மின்தேக்கியின் அளவையே இன்று அவர் பெயரால் குறிக்கிறோம். கறுத்த கையைக் கண்டு அறிவியல் முகம் சுளித்ததே இல்லை.

இதை நான் வகுப்பில் சொன்னபோது தோழி ஒருத்தி மறுத்தாள். அவள் மறுப்பை மறைக்காமல் எழுதுவதே நேர்மை. "1953-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-இல் காமராசர் வந்த பிறகு அது கைவிடப்பட்டது. அதனால்தான் நீயும் நானும் இங்கே இருக்கிறோம். இப்போது நீ கைத்தொழில் கற்க வேண்டும் என்கிறாயே, ஏழைப் பிள்ளைக்கு மட்டும் ஸ்பானரைக் கொடு என்று நாளை யாராவது இதையே சொல்லமாட்டார்களா?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்வி. பல நாள் யோசித்தேன். அந்தத் திட்டம் பிள்ளையின் பாட நேரத்தைப் பிடுங்கிக்கொண்டது. எவர் எந்தத் தொழிலைப் பழக வேண்டும் என்பதைப் பிறப்பைக் கொண்டு தீர்மானித்தது. நான் கேட்பது பாடம் குறையாமல், பாடத்தையே கையாலும் படிக்க வேண்டும் என்பது. அதுவும் இன்னார் பிள்ளை என்று பாராமல், ஆண் பெண் என்று பாராமல், எல்லாரும். வழக்கறிஞர் மகனும் ஃபுட் வால்வைக் கழற்றட்டும். பீடித் தொழிலாளி மகளும் சுழலும் புலத்தின் சமன்பாட்டை எழுதட்டும். இந்த இரண்டில் எது குறைந்தாலும் தோழி அஞ்சியதே நடக்கும். ஆகவே அவளுடைய எச்சரிக்கையை என் கருத்தின் ஒரு பகுதியாகவே சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு மறுப்பு: "இதற்கெல்லாம் ஐ.டி.ஐ. இருக்கிறதே? பி.எஸ்ஸி. படிப்பவருக்கு எதற்கு?" நாம் மெக்கானிக் ஆவதற்காகக் கேட்கவில்லை. காயில் கட்டுவது அண்ணாச்சியின் கலை. பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. அதை அவரே செய்யட்டும். ஆனால் எங்கள் ஐந்நூறு லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறும் உயரம் ஆறு மீட்டர். செய்ய வேண்டிய வேலை 29,400 ஜூல். அரைக் குதிரைத்திறன் என்பது 373 வாட். கணக்குப்படி 79 வினாடியில் தொட்டி நிறைய வேண்டும். எங்கள் வீட்டில் பத்து நிமிடத்துக்கு மேலாகிறது. மீதி ஆற்றல் எங்கே போகிறது? குழாய் வளைவிலா, இம்பெல்லரிலா, உராய்விலா? இந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் எனக்கு வந்ததில்லை; வீட்டு முற்றத்தில் வந்தது. பேராசிரியர்களே, இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு வேறு உண்டா?

மூன்றாவது மறுப்பு உயிரைப் பற்றியது. அதை லேசாகக் கடக்க முடியாது. மின்சாரமும் தண்ணீரும் சேருமிடம் மோட்டார். அரைகுறைத் துணிச்சல் ஆளைக் கொல்லும். கடத்திக் கசிவு 30 மில்லியாம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அது இல்லை என்பதை அண்ணாச்சி சொல்லித்தான் அறிந்தேன். அதுபோலவே, நாட்பட மூடிக்கிடந்த தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்திருக்கும். சுத்தம் செய்ய இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்து இறந்த செய்திகளை நாளிதழில் படிக்கிறோம். ஆனால் இந்த ஆபத்தே நாம் கற்க வேண்டும் என்பதற்குக் காரணம். அம்மா அன்றிரவு சம்பு விளிம்பில் குப்புறப் படுத்திருந்தபோது அதைத் தடுக்க வேண்டும் என்ற அறிவு, மாறுதிசை மின்சாரம் படித்த எனக்கு இல்லையே! தெரியாதவர் தொடாமல் இருப்பதில்லை. வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் தெரியாமலே தொடுவார்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் பழுதானால் வாளி தூக்குகிறவள் பெண். "பொம்பளப் பிள்ள கரண்டுல கை வைக்காத" என்று ஒதுக்கப்படுகிறவளும் அவளே. பாரத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கருவியைக் கொடுக்க மறுப்பது என்ன நியாயம்? குழாயைக் கழற்றும்போது எதிர் வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். கழற்றிப் பூட்டி முடித்தபோது அவர்களே, "எங்க வீட்டு மோட்டாரையும் கொஞ்சம் பாரு" என்றார்கள். வேடிக்கை வேண்டுகோளாக மாற ஒருநாள்கூட ஆகவில்லை.

எனவே நம் கல்லூரிக்கு என் வேண்டுகோள் இது. இரண்டு வாரத்துக்கு ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். ஓடாத மோட்டாரும் சுற்றாத மின்விசிறியும் நம் வீடுகளில் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து ஆய்வக மேசையில் வைப்போம். முதல் வகுப்பு பாதுகாப்பு பற்றியதாக இருக்கட்டும். அதில் தேறாதவர் கையில் ஸ்குரூ டிரைவர் தர வேண்டாம். கடைத்தெரு அண்ணாச்சிகளையும் ஐ.டி.ஐ. ஆசிரியர்களையும் அழைப்போம். வந்தவருக்கு உரிய மதிப்பூதியம் கொடுத்து, பேராசிரியருக்குச் சமமாக நாற்காலி போடுவோம். அவர் செய்து காட்டுவார். பேராசிரியர் காரணம் சொல்வார். நாம் இரண்டையும் எழுதிக்கொள்வோம். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகக் கணினியும் ஆங்கிலமும் நம் மாணவர்களிடம் வந்தன, நல்லது. அதே ஆர்வத்தோடு வீட்டு முற்றத்து அறிவியலும் வரட்டும்.

நண்பர்களே, இதற்காகக் கல்லூரி உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் உங்கள் வீட்டு மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். அது எத்தனை குதிரைத்திறன், மின்தேக்கி எத்தனை மைக்ரோஃபாரட், மெயின் சுவிட்சு எங்கே, பாதுகாப்புச் சுவிட்சு உண்டா இல்லையா என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். அவர் பேசும் பேச்சில் உங்கள் பாடப்புத்தகம் மறைந்திருப்பதைக் காண்பீர்கள்.

சென்ற வாரம் ஒரு நிகழ்ச்சி. பக்கத்து வீட்டில் மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மதிலருகே போய், "ஆப் பண்ணுங்க! முனக விட்டா காயில் கருகிரும். கண்டென்சராத்தான் இருக்கும். மெயினை அணைச்சிட்டு விசிறியைச் சுத்திப் பாருங்க" என்று குரல் கொடுத்தார்கள். இரண்டாயிரம் ஆகும் என்று அன்று சொன்ன அதே வீட்டுக்காரர், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எம் மக பி.எஸ்ஸி. படிக்காள்லா" என்றார்கள் அம்மா.